மூத்த மாப்பிள்ளையின் டாப் எண்ட்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு மாமியார் இருந்தாங்க சார். அந்த மாமியாருக்கு ரெண்டு மாப்பிள்ளைங்க. மூத்தவர் நல்லவர், விவரமானவர், சொந்தமா கடை வச்சு நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்ற ஆளு. இளையவன் எப்படிப்பட்டவன்னு போகப்போக நீங்களே தெரிஞ்சுக்குவீங்க. அந்த மூத்த மாப்பிள்ளை நான்தான்.

உட்காருங்க சார், இந்தச் சோபாவுக்குத்தான் ஏசி நேரா வருது. உங்களுக்கு வாட்டர் வாஷ்தானே? இப்ப முடியாது. முன்னால ஒரு சிவப்பு வண்டி நிக்குது, அதுக்குப் பின்னால ஒரு டாக்ஸி, அதுக்கப்புறம்தான் உங்களோடது. சாம்பல் கலர், டீசல், இடது பக்கக் கதவுல லேசா ஒரு கீறல், டயர் மட்டும் புதுசு. நான் அடுத்தவன் வண்டியைப் பார்க்கிற ஆளே கிடையாது. வந்து நிறுத்தினீங்களா, கண்ணுல பட்டுச்சு. அவ்வளவுதான்.

நானா? நான் சர்வீஸுக்கு வரல. அங்க பாருங்க, வெள்ளை மெரிடோ. அதை ஒரு தம்பி சுத்திச் சுத்தி வந்து பார்க்கிறாருல்ல, எக்ஸ்சேஞ்சுக்கு விலை போடுறாரு. வாங்கி ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல. வண்டியில ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் என் சகலைகிட்ட. அதைத்தான் சொல்ல வந்தேன். காபி எடுத்துக்கங்க, ஓசிதான்.

என் பேரு சௌந்திரபாண்டி. திண்டுக்கல் நாகல்நகர்ல பெயின்ட் கடை. இதை எதுக்குச் சொல்றேன்னா, என்னை ஒரு கம்பெனிக்காரன் ஏமாத்தவே முடியாது சார். ஏன்னா நானே அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். வெள்ளை கேட்டு ஒருத்தர் வர்றாருன்னு வச்சுக்கங்க. "இந்தாங்க வெள்ளை"ன்னு டப்பாவை நீட்டினா வாங்க மாட்டாரு. முல்லை வெள்ளை, நிலா வெள்ளை, அன்ன வெள்ளைன்னு அட்டையை விரிக்கணும். புருஷன் முல்லைம்பாரு, பொண்டாட்டி அன்னம்பாங்க. கடையிலயே சண்டை வரும். கடைசியில ரெண்டு பேருக்கும் பிடிக்காத நிலாவை எடுத்துட்டு சந்தோஷமா போவாங்க. சுவத்துல அடிச்ச பிறகு எது எதுன்னு செஞ்சவனாலயே சொல்ல முடியாது. மனுஷனுக்குப் பெயின்ட் வேண்டாம் சார், பேரு வேணும். இது தெரிஞ்ச என்கிட்ட ஒருத்தன் வந்து வித்தை காட்ட முடியுமா?

சரி, மாமியாருக்கு வர்றேன்.

எங்க மாமியார் வீடு சின்னமனூர். அத்தை பேரு அங்கம்மா. வருஷா வருஷம் சித்திரையில வீரபாண்டி அம்மன் தேர் பார்க்க அத்தையைக் கூட்டிட்டுப் போறது மூத்த மாப்பிள்ளையோட முறை. சட்டம்னு ஒண்ணும் இல்ல, மாமா இருந்த காலத்துலருந்து அப்படித்தான். அத்தை முன்சீட்டு. மடியில பூத்தட்டு. என் பழைய வண்டி வாசல்ல போய் நின்னதும் எதிர்வீட்டு ராசாத்தியம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அங்கம்மாக்கா, ஒம் மூத்த மாப்பிள்ள வந்தாச்சு!"ன்னு குரல் குடுக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அவ்வளவு தூரம்... இல்ல, அதுக்காக இல்ல. அம்மன் தரிசனத்துக்காகத்தான். அதுவும் காதுல விழும்னு சொல்றேன்.

இப்படிப் போய்க்கிட்டிருந்த குடும்பத்துல என் சகலை ஒரு கார் வாங்கினான்.

சகலை பேரு செண்பகமூர்த்தி. என் கொழுந்தியா சுகந்தியோட வீட்டுக்காரன். போடியில ஏலக்காய் வியாபாரம். அதிகம் பேச மாட்டான், சிரிப்பான். நாம ஏதாவது சொன்னா, "சரிண்ணே." திட்டினாலும் "சரிண்ணே." இந்த மாதிரி ஆளுங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும் சார். போன வருஷம் பொங்கலுக்கு மெரிடோவுல வந்து இறங்குறான். டாப் எண்ட். மேல சன்ரூஃப். சாயங்காலம் தெருப் பிள்ளைங்களை எல்லாம் ஏத்திக்கிட்டு ஊரைச் சுத்துறான். பிள்ளைங்க கூரையில தலையை நீட்டிக்கிட்டுக் கத்துதுங்க. எங்கத்தை வாசல்ல நின்னு பார்க்கிறாங்க.

"ஏத்தா சுகந்தி, இதென்ன மச்சு வீடு மாதிரி மேல கதவு வச்சிருக்கு?"

"வானம் பார்க்கிறதுக்கும்மா."

"அப்ப இந்த வருசம் தேருக்கு இதுலயே போயிருவமா? நான் எந்திரிச்சு நின்னு பூப்போட்டுருவேனே!"

எனக்கு வாயில இருந்த கரும்பு இறங்கல சார். நான் பதில் சொல்றதுக்குள்ள சகலை முந்திக்கிட்டான். என்ன சொன்னான்கிறீங்க? "அது மூத்தவர் முறை அத்தை. அண்ணன் வண்டியிலதான் போகணும்."

விட்டுக்குடுக்கிறான்! என் முறையை எனக்கே விட்டுக்குடுக்கிறதுக்கு இவன் யாரு? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், "தமயந்தி, புது வண்டி வாங்கணும்"னு.

"எதுக்கு? இருக்கிறது நல்லாத்தானே ஓடுது?"

"பழசாயிருச்சு."

"பொங்கலுக்கு முந்தின நாள் பழசாகல, பொங்கல் அன்னைக்குப் பழசாயிருச்சாக்கும்."

அவ அப்படித்தான் பேசுவா. "சகலையோட போட்டி போடுறீங்களா?"ன்னா. நான் சொன்னேன், "போட்டின்னா அவனை விடப் பெருசா வேற வண்டியில்ல வாங்கணும்? நான் அதே மெரிடோதான் வாங்கப் போறேன். இதுல போட்டி எங்கருந்து வந்துச்சு?" அவ தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டா.

இதே ஷோரூம்தான் சார், முன்பக்கம். வந்து நுழையறேன், சுவர் அளவுக்கு டிவி. அதுல விளம்பரம். பனிமலை, தாடி வச்ச ஒருத்தன், கூலிங் கிளாஸ், காத்து. தன்னந்தனியா மெரிடோவுல மலை ஏறுறான். உச்சியில நிறுத்திட்டு எங்கேயோ பார்க்கிறான். கட்டைக் குரல்ல ஒருத்தன் பேசுறான்: "பாதையைத் தேடாதே. பாதையாக இரு."

பாதையா இருந்தா நம்ம மேலயே வண்டி ஏறிராதா சார்? அதுவும் அந்தத் தாடிக்காரன் வண்டியில மாமியார் இல்ல, கொழுந்தியா இல்ல, புளியோதரைத் தூக்கு இல்ல. தனியா மலைக்குப் போறவனுக்கு எதுக்கு அஞ்சு சீட்டு? இதையெல்லாம் நம்புற ஆளா நான்? பாத்ரூம் கண்ணாடியில பார்த்தப்ப ஒரு வாரம் சவரம் பண்ணாம விட்டுப் பார்ப்போமான்னு தோணுச்சு. அது வேற விஷயம்.

விக்கிற பொண்ணு பேரு ஜெனிட்டா. நல்ல பொண்ணு. கையில டேப்லெட். "சார், உங்க லைஃப்ஸ்டைல் எப்படி சார்?"னு கேட்டுச்சு.

"காலையில வெள்ளன எந்திரிப்பேன்மா. இட்லி, இல்லைன்னா தோசை."

அதையும் தட்டி ஏத்திக்கிச்சு. "சார், நாங்க கார் விக்கல சார். ஒரு ஃபீலிங் விக்கிறோம்."

"நான் டிஸ்டெம்பர் விக்கிறேன்மா. மேல சொல்லு."

பக்கத்து வண்டியில ஒரு குடும்பம் ஏறிப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. ஜெனிட்டா கூட வேலை பார்க்கிற பையன் அவங்ககிட்ட இன்ஜின், டார்க், ஏர்பேக்னு மூச்சு விடாம சொல்றான். வீட்டுப் பெரியவர் பின்சீட்ல காலை நீட்டிப் படுத்து, "பழனிக்குப் போறப்ப தூங்கலாம்டா"ங்கிறாரு. அந்தம்மா டாஷ்போர்டைத் தடவி, "சரிவா இருக்கே, பிள்ளையார் வழுக்கி விழுந்துருவாரே"ங்கிறாங்க. மகன் கதவைச் சாத்திச் சாத்திக் காது குடுக்கிறான், டப்புனு சத்தம் வருதா, டொக்குனு வருதான்னு. கம்பெனிக்காரன் பனிமலையைக் காட்டுறான், சனம் பிள்ளையாருக்கு இடம் தேடுது. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நாம அப்படி இல்லையேன்னு ஒரு திருப்தி.

மெரிடோவுல மூணு ரகம். எந்தக் கம்பெனியாவது அடி ரகத்துக்கு அடின்னு பேரு வைக்குமா? வைக்காது. 'எசென்ஸ்'னு வச்சிருக்கான். நடுவுல 'எலிகன்ஸ்'. உச்சியில 'எம்பரர்'. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. முல்லை, நிலா, அன்னம்! எல்லாம் ஒரே டப்பா. "இன்ஜின் மூணுக்கும் ஒண்ணுதானே?"ன்னு கேட்டேன். "ஒண்ணுதான் சார், ஆனா எம்பரர்ல..."ன்னு ஆரம்பிச்சுச்சு. போதும்னுட்டேன். மகளைக் காலேஜ்ல சேர்க்கிற வருஷம் வேற. எசென்ஸ் எழுதச் சொல்லிட்டேன். எவன்கிட்ட வித்தை காட்டுறாங்க? பெயின்ட் கடைக்காரன்கிட்ட!

டெலிவரி அன்னைக்கு மாலை, தேங்காய், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம், பட்டுத்துணியை உருவுறது, எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. தமயந்தி கும்பிட்டுட்டுப் பின்பக்கம் போனா. நானும் போனேன். அப்பத்தான் சார் பார்த்தேன். சகலை வண்டியில 'மெரிடோ'வுக்குக் கீழே வெள்ளி எழுத்துல 'எம்பரர்'னு மின்னும். நம்ம வண்டியில ஒண்ணும் இல்ல. 'எசென்ஸ்'னுகூட இல்ல. மூளியா இருக்கு.

"ஏம்மா ஜெனிட்டா, இங்க எழுத்து விட்டுப்போச்சே?"

"எசென்ஸுக்கு எழுத்து வராது சார்."

பாருங்க அநியாயத்தை. பேரும் அவனே வைப்பான், அதை வெளிய சொல்லவும் அவனே வெட்கப்படுவான்.

நேரா பைபாஸ்ல கார் அலங்காரக் கடைக்கு விட்டேன். கடைக்காரர் ஜமால் பாய், வண்டியைப் பின்னாலருந்து ஒரு பார்வை பார்த்தாரு. நான் வாயே திறக்கல. "எம்பரர்தானேண்ணே? ஒட்டிருவோம்"ன்னாரு. "தப்பா நினைக்க மாட்டீங்களே பாய்?"னேன். "இதுல என்னண்ணே இருக்கு, நேத்து ஒரு டாக்டருக்கு ஒட்டினேன். நாளைக்கு ஒரு வக்கீல் வர்றேன்னிருக்காரு." எழுத்தை ஒட்டி முடிச்சுட்டு, "மேலயும் போட்டுருவமா?"ன்னாரு. மேலன்னா? பளபளன்னு கருப்பா ஒரு ஸ்டிக்கர் சார். கூரையில ஒட்டி ஓரத்தை அமுக்கினா, வெளியிலருந்து பார்க்க அச்சு அசல் சன்ரூஃப் கண்ணாடி. எழுத்து மட்டும் எம்பரர்னு இருந்து கூரை வெள்ளையா இருந்தா ஒரு ஒழுங்கு வேணாமா? நாம செய்றதைத் திருத்தமா செய்யணும்ல? ஒட்டச் சொல்லிட்டேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, வீடு வந்து சேர்ற வரைக்கும் வண்டியே வேற மாதிரி ஓடுச்சு.

சித்திரை வந்துச்சு. சின்னமனூர்ல கொண்டுபோய் நிறுத்தினேன். எதிர்வீட்டு ராசாத்தியம்மா வாசலுக்கு வந்து, "மூத்த மாப்பிள்ளயும் மேல கதவு வச்ச வண்டி வாங்கிட்டாருடி!"ன்னு ஒரு கத்து. அத்தை முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. சகலை போடியிலருந்து வந்திருந்தான். "உன் வண்டி இங்கயே நிக்கட்டும் சகலை, எல்லாரும் என் வண்டியிலயே போவோம்"னேன். "சரிண்ணே"ன்னான். அத்தை முன்னால, தமயந்தி, சுகந்தி, சகலை மூணு பேரும் பின்னால. ஏறி உட்கார்ந்ததும் அவன் மேல பார்த்தான். நான் கண்ணாடியில கவனிச்சேன். ஒரே ஒரு பார்வை. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கிட்டே வந்தான்.

வீரபாண்டியில கூட்டம்னா கூட்டம். வண்டி ஓரம் கட்டின இடத்துலருந்து முன்னால பார்த்தா வெறும் முதுகுதான் தெரியுது. அத்தைக்கு மூட்டு வலி, கூட்டத்துல இறங்க முடியாது. கொட்டுச் சத்தம் கேட்குது. தேர் அசைஞ்சு வருது.

"மாப்ள, அந்த மேல் கதவைத் திறங்க. நான் எந்திரிச்சு நின்னு பூப்போட்டுர்றேன்."

"எந்தக் கதவு அத்தை?"

"அதான், மேல கருப்பா இருக்கே. பொங்கலப்ப பிள்ளைக நின்னுச்சுகளே, அது."

ஏதாவது செய்யணுமேன்னு ஒரு பட்டனை அமுக்கினேன். ஹாரன் அடிச்சுச்சு. முன்னால நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. இன்னொண்ணை அமுக்கினேன். வைப்பர் ஓடுது. இன்னொண்ணு. கண்ணாடி கழுவுற தண்ணி பீச்சி அடிச்சுச்சு. அடிச்சதா, சரியா முன்னால ஒரு பஞ்சுமிட்டாய்க்காரர் கம்பு நிறையச் சொருகி வச்சுக்கிட்டு நிக்கிறாரு. பஞ்சுமிட்டாய் மேல தண்ணி பட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல. மனுஷன் வெறும் கம்பைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்க்கிறாரு.

பக்கத்து வண்டி டிரைவர் வேற நல்லவரு, எட்டிப் பார்த்து, "எம்பரரா சார்? மேல லைட்டுக்குப் பக்கத்துல பட்டன் இருக்கும் பாருங்க!"ன்னு கத்துறாரு. லைட்டுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு? லைட்டுதான் இருந்துச்சு. அதைப் போட்டேன். பட்டப்பகல்ல அது மினுக் மினுக்குன்னு எரியுது.

"என்ன மாப்ள, தேர் கிட்டக்க வந்துருச்சே!" அத்தை பூத்தட்டைக் கையில தூக்கிட்டாங்க. தமயந்தி பின்னாலருந்து, "என்னங்க, திறக்கத் தெரியலையா?"ன்னா. சுத்தி நின்ன சனம் எல்லாம் கூரையைப் பார்க்குது. முடிஞ்சுது கதை, இனிமே இந்த ஊர்ல மூத்த மாப்பிள்ளைன்னு தலை நிமிர முடியாதுன்னு நினைச்சேன்.

அப்பதான் பின்சீட்லருந்து சகலை வாயைத் திறந்தான்.

"அத்தை, அது வெயில்ல திறக்காது. டாப் எண்ட்ல சூடு ஏறிட்டா பாதுகாப்புக்குத் தானா பூட்டிக்கும். என் வண்டியும் அப்படித்தான். அன்னைக்குப் பிள்ளைங்க நின்னது சாயங்காலம்ல?"

சொல்லிக்கிட்டே கதவைத் திறந்து இறங்கினான். நானும் இந்தப் பக்கம் இறங்கினேன். கூரையைப் பார்க்கிறேன். வெயில்ல ஸ்டிக்கரோட ஓரம் வதங்கி, அப்பளம் மாதிரி சுருண்டு தூக்கிக்கிட்டு நிக்குது. அத்தை இன்னும் உள்ளதான் இருக்காங்க, குனிஞ்சு செருப்பைத் தேடிக்கிட்டு. சகலை தோள்ல கிடந்த துண்டை எடுத்தான். நிதானமா விரிச்சு அந்தச் சுருண்ட ஓரத்து மேல போட்டு, நாலு பக்கமும் இழுத்துவிட்டான். "தகரம் கை சுடும்"னான், யாரையும் பார்க்காம.

அப்புறம்தான் அத்தை பக்கத்துக் கதவைத் திறந்தான். படியில அவங்களை ஏத்தி நிறுத்தி முழங்கையைப் பிடிச்சுக்கிட்டான். அத்தை ஒரு கையைத் துண்டு மேல ஊன்றிக்கிட்டு, இன்னொரு கையால பூவை அள்ளி வீசுறாங்க. தேர் அப்படியே கண்ணு முன்னால போகுது. அத்தை குலவை போட்ட போடுல கொட்டுக்காரனே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தான். எல்லாருக்கும் சந்தோஷம். பஞ்சுமிட்டாய்க்காரருக்கு சகலை ஏதோ குடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்பினான். வீட்டுக்கு வந்து இறங்கினப்ப, "வண்டி நல்லா ஓடுதுண்ணே"ன்னான். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் சார்! அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல!

என்ன சார், "நல்லதுதானே"ங்கிற மாதிரி பார்க்கிறீங்க? என் இடத்துல இருந்து பாருங்க. அவன் யார்கிட்டயாவது சொல்லியிருந்தான்னா நான் போய்ச் சட்டையைப் பிடிச்சிருப்பேன். ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்திருப்போம். ஏதாவது ஒரு கல்யாணத்துல பெரியவங்க சேர்த்து வச்சிருப்பாங்க. ஊர்ல எல்லாச் சகலைங்களும் அப்படித்தானே இருக்காங்க? இவன் சொல்லவே மாட்டேங்கிறான். ஒவ்வொரு நாளும் சொல்லாம இருக்கான். கடையில உட்கார்ந்திருக்கேன், திடீர்னு நினைப்பு வரும். இந்நேரம் அவன் போடியில உட்கார்ந்து சொல்லாம இருக்கானேன்னு.

சரி, நாமளே கிளறிவிடுவோம்னு பார்த்தேன். ஒரு காதுகுத்துல, பந்தி நடுவுல, எல்லார் முன்னாடியும் கேட்டேன்: "ஏன் சகலை, ஏலக்காய்க்கெல்லாம் பச்சைச் சாயம் ஏத்தி விக்கிறியாமே?" ரோஷம் உள்ளவன் என்ன செய்யணும்? "நீ மட்டும் என்ன, வண்டிக்கு..."ன்னு ஆரம்பிக்கணுமா இல்லையா? இவன் சிரிச்சுக்கிட்டே, "அண்ணனுக்கு எப்பவும் தமாஷ்தான்"னு எனக்கு வடையை எடுத்து வைக்கிறான். வடையை!

இதுக்கிடையில அத்தை தெரு முழுக்கச் சொல்லி வச்சுட்டாங்க, மூத்த மாப்பிள்ளை வண்டி வெயில் அடிச்சா தானா பூட்டிக்கும், அம்புட்டு ஒசத்தின்னு. ராசாத்தியம்மா மகன் வண்டி வாங்கப் போனப்ப, "தானா பூட்டுற மாடல் குடுங்க"ன்னு கேட்டு சண்டை போட்டுட்டு வந்திருக்கான். நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைச்சுப்போச்சு சார். அத்தை இப்ப என் வண்டியைத் தவிர வேற எதுலயும் ஏற மாட்டேங்கிறாங்க. ஆனா அதை நிம்மதியா அனுபவிக்க முடியல. எல்லாம் அவன் துண்டுக்கு அடியில இருக்கு.

போன வாரம் அத்தை போன் பண்ணாங்க. "மாப்ள, இந்த வருசம் வெயிலுக்கு முந்தியே வெள்ளனக் கிளம்பிப் போயிருவோம். காலையில கதவு திறக்கும்ல?"

என்ன சொல்லட்டும்? "திறக்கும் அத்தை"ன்னுட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தேர். அதான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். முதல்ல கூரையை அறுத்து ஒரு கண்ணாடி வைக்க முடியுமான்னு கேட்டேன். அந்த சர்வீஸ் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு மேனேஜரைக் கூப்பிட்டாரு. சரி, நிஜ எம்பரரையே எடுத்துருவோம், இதைக் குடுத்துருவோம்னு. தமயந்திகிட்ட இன்னும் சொல்லல. மகளுக்கு ரெண்டாம் வருஷ ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கு, அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே... அங்க பாருங்க, அந்தத் தம்பி கூரையை நகத்தால சுரண்டிப் பார்க்கிறான். தம்பி! அதைத் தொடாதீங்க!

சார், ஒரு நிமிஷம். கேட்ல நிக்கிறது யாரு? அவனேதான். சகலை! இங்க எதுக்கு வர்றான்? தமயந்திக்கு எப்படியோ தெரிஞ்சு போன் பண்ணியிருப்பா. இருங்க சார், நான் வெளிய போய் என்னன்னு கேட்டுட்டு வந்துர்றேன். உங்க வண்டி வந்தாலும் போயிராதீங்க.

*

வந்துட்டேன் சார். இன்னொரு காபி சாப்பிடுவோமா? நான் எடுத்துட்டு வர்றேன், நீங்க உட்காருங்க.

கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? என் முகத்தைப் பார்த்தாலே தெரியுமே. வண்டியை மாத்தலன்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லிட்டேன். பெரிய பாரம் இறங்கிருச்சு சார். என்ன நடந்துச்சுன்னா, நான் போனதும், "என்ன சகலை, வேடிக்கை பார்க்க வந்தியா?"ன்னு கேட்டேன். அவன், "அண்ணே, வண்டியை மாத்த வேணாம்னு அத்தை சொல்லி அனுப்பினாங்க"ன்னான்.

"அத்தைக்கு எப்படித் தெரியும்?"

"அத்தைக்கு அன்னைக்கே எல்லாம் தெரியும்ணே. துண்டைப் போடச் சொன்னதே அத்தைதான்."



"நீயா போடலையா?"

"எனக்கு எங்கண்ணே அதெல்லாம் தோணுது? 'மூத்த மாப்பிள்ள கூச்சப்படுவாரு, மேல துண்டைப் போடு, யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னு என் காதுல சொன்னாங்க. அதான் நானும் பேசல."

"அப்ப போன வாரம் போன்ல, கதவு திறக்கும்லன்னு கேட்டாங்களே?"

அவன் கொஞ்சம் யோசிச்சான். "பக்கத்துல ராசாத்தியம்மா உட்கார்ந்திருப்பாங்கண்ணே. அவங்க காதுல விழட்டும்னு சொல்லியிருப்பாங்க. வெள்ளிக்கிழமை காலையில நான் முன்னாடியே வந்து அத்தைகிட்டப் பேசிக்கிறேன். நீங்க எதையும் மனசுல வச்சுக்காம வண்டியை எடுத்துட்டு வாங்க. துண்டு கொண்டுவர்றேன்."

பார்த்தீங்களா சார்? அத்தனையும் அத்தையோட ஏற்பாடு! இவன் ஒண்ணுமே பண்ணல! சொன்னதைச் செஞ்சிருக்கான், வேலைக்காரன் மாதிரி. நான் என்னவோ இவன்தான் என்னைக் காப்பாத்தினான்னு நினைச்சு இவ்வளவு நாளா வெந்து செத்துக்கிட்டிருந்திருக்கேன். மாமியார் நம்ம மானத்தைக் காப்பாத்தினா அது பாசம். நம்ம மேல அம்புட்டு மரியாதை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். சகலை காப்பாத்துறதுன்னா அது வேற, அதைத்தான் தாங்க முடியாது. இப்ப அது இல்லன்னு ஆகிப்போச்சு. சந்தோஷத்துல அவன் தோள்ல ஒரு தட்டு தட்டி, "இந்த வருஷமும் நீ பின்சீட்டுதான்"னேன். "சரிண்ணே"ன்னான்.

அந்தா போறான் பாருங்க. கையைக் கையை வீசிக்கிட்டு. போடியிலருந்து பஸ்ல வந்திருக்கான். வண்டியில வந்தா நான் சங்கடப்படுவேன்னு அதையும் அத்தைதான் சொல்லி விட்டிருப்பாங்க. எல்லாத்தையும் யோசிப்பாங்க சார் அவங்க. அன்னைக்கே பாருங்களேன், ஸ்டிக்கர் சுருண்டதை எப்படிக் கண்டுபிடிச்சு, எப்படி அவன் காதுல சொல்லி...

அவன் துண்டைப் போட்டப்ப அத்தை வண்டிக்குள்ளல்ல இருந்தாங்க? செருப்பைத் தேடிக்கிட்டு.

சரி, உள்ள இருந்தே சொல்லியிருப்பாங்க. கூரை உள்ள இருந்து தெரியாதுதான். ஆனா வயசானவங்க, அனுபவம், ஒரு ஊகத்துல சொல்லியிருப்பாங்க. அவன் வெளிய நின்னான், இவங்க உள்ள, கதவு சாத்தியிருந்துச்சு... காதுலன்னா எப்படி... ஏன் சார் சிரிக்கிறீங்க?

உங்க டோக்கனைத்தான் கூப்பிடுறாங்க. இருக்கட்டும் சார், உங்க வண்டி எங்கயும் ஓடிராது. அத்தைதானே சொல்லியிருப்பாங்க? நீங்க வெளி ஆளு, உங்களுக்கு இதுல ஒரு பக்கமும் கிடையாது, முழுக் கதையும் கேட்டீங்க. ஒரு வார்த்தை "ஆமா"ன்னு சொல்லிட்டுப் போங்களேன் சார்... சார்...